மந்திரத்திற்கும் யாப்பு உண்டு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொல்காப்பியர் செய்யுளியலில் யாப்பின் வகைகளை ஏழாகப் பகுத்துக் காட்டுகிறார். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்பன அவை. இவற்றுள் வாய்மொழி என்பது மந்திரம். பிசி என்பது விடுகதை. அங்கதம் வசை, முதுசொல் பழமொழி. மந்திரத்தைத் தொல்காப்பியர் கருவறைக்குள் வைத்துப் பூட்டவில்லை என்பது கருதத்தக்கது. நூலுக்கும் விடுகதைக்கும் நடுவே, வசைக்கும் பழமொழிக்கும் அண்டை வீடாக, யாப்பின் ஒரு வகையாகவே வைத்தார். யாப்பு என்றால் கட்டு. மந்திரமும் கட்டுப்பட்ட சொல்லே என்பது அவர் கொள்கை எனலாம். கவிஞர் நிறைந்த இவ்வவையில், கற்பனை விளையாட்டு ஒன்றுக்கு மந்திர விதிகளை வகுப்பது எப்படி என்னும் பொருளை எடுத்துக்கொள்வதற்கு இந்த நூற்பாவே துணை. இலக்கிய விழாவில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று புருவம் உயர்த்துவோர் சற்றே பொறுத்தருள்க.

முதலில் அவ்விளையாட்டு இன்னதென்று சொல்லிவிடுதல் நலம். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதைத் தலைவர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கின்றனர்: வீரன், திருடன், மந்திரவாதி என இவ்வாறு. கதைத் தலைவர் சூழலை விரித்துரைக்க, மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கின்றனர். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடையும் விதிநூலும் முடிவு செய்கின்றன. கூத்தும் கதை கூறலும் தாயமும் ஒரே பாயில் உட்கார்ந்த கோலம் என்று இதனைச் சொல்லலாம்.

வீரன் எத்துணை வலியவனாயினும் வாளின் நீளம் அவனுக்கு எல்லை. மந்திரவாதிக்கு எல்லை யாது? சொன்னதெல்லாம் நடக்குமென்றால் கதை முதல் நாழிகையிலேயே முடிந்துவிடும். உடன் ஆடுவோர் கொட்டாவி விடுவர். எனவே மந்திரம் எதைச் செய்யும் என்பதைக் காட்டிலும் எதைச் செய்யாது, யாருக்கு வாய்க்காது, என்ன விலை கேட்கும் என்பவற்றை வகுப்பதே இத்தகைய ஆட்டங்களை அமைப்போரின் தலையாய வேலையாயிற்று. கைகாக்ஸ் இதற்கொரு விடையை ஜாக் வான்ஸ் என்பவர் 1950-இல் எழுதிய கதைநூல் ஒன்றிலிருந்து எடுத்தார். அக்கதையில் மந்திரவாதி மந்திரத்தை வருந்தி மனத்தில் ஏற்றிக்கொள்கிறான். ஒருமுறை உச்சரித்ததும் அது நினைவினின்று அழிந்துபோகிறது. மீண்டும் ஏடு திறந்து கற்க வேண்டும். வேண்டிய வேளையில் மந்திரம் மறந்துபோவது தமிழருக்குப் புதிதன்று; பரசுராமரின் சாபத்தால் கர்ணன் பட்ட பாட்டை அறியாதார் யார்? பின்வந்த விதிநூல்கள் பொருளையும் வேண்டின. நெருப்புருண்டை எறியும் மந்திரத்திற்கு வௌவால் எச்சமும் கந்தகமும் கையில் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தனர்.

1987-இல் வெளிவந்த 'ஆர்ஸ் மேஜிகா' என்னும் ஆட்டம் இலக்கண ஆசிரியர்களுக்கு இனிப்பது. ஜானதன் ட்வீட், மார்க் ரெய்ன்ஹேகன் என்போர் அமைத்தது. அதில் மந்திரங்களின் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆக்கல், அறிதல், மாற்றல், அழித்தல், ஆளுதல் என வினைகள் ஐந்து. நீர், நெருப்பு, மண், உடல், மனம் முதலாகப் பெயர்கள் பத்து. வினையும் பெயரும் புணர மந்திரம் பிறக்கிறது. பெயரியலும் வினையியலும் கற்றார்க்கு இதில் விளக்க வேண்டுவது ஒன்றுமில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். இத்தகைய ஆட்டம் ஒன்றைத் தமிழில் அமைக்க முனைவோர் பெரும்பாலும் வேதாளத்தையும் சித்தரையும் கூடுவிட்டுக் கூடு பாய்தலையும் பெயரளவில் எடுத்துக்கொண்டு, உள்ளே மேலைநாட்டு விதிகளையே வைத்துவிடக்கூடும். அவ்வாறு செய்தால் வேட்டி கட்டிய அயலார் ஒருவரே மேசைக்கு வருவார். தமிழ் நூல்களில் மந்திரங்கள் மட்டுமல்ல, மந்திர விதிகளும் உள்ளன என்பதும், அவ்விதிகள் ஒரு தன்மையன அல்ல என்பதும், எவற்றைக் கொள்வது எவற்றைத் தள்ளுவது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்ய இயலாது என்பதும் ஈண்டுச் சொல்ல வேண்டியவை.

மணிமேகலையைப் போல் மந்திரத்திற்குக் கணக்கு வைத்த காப்பியம் வேறில்லை. மணிபல்லவத்தில் மணிமேகலா தெய்வம் அவளுக்கு இரண்டு மந்திரங்களைத் தருகிறது. வேற்றுருக் கொள்ளவும் வான்வழிச் செல்லவும் ஒன்று. பசியை அறுக்க ஒன்று. வேற்றுரு எதற்கு? சமயவாதிகளிடம் அவள் பொருள் கேட்க வேண்டும். இளம்பெண் என்று கண்டால் அவர்கள் மெய்யான பொருளை உரைக்கமாட்டார்கள் என்று தெய்வமே காரணம் சொல்கிறது. பின்னர் வஞ்சிமாநகரில் அவள் தவமுனிவன் வடிவில்தான் சமயக் கணக்கர்தம் திறம் கேட்கிறாள். பறப்பதற்கும் மறைவதற்கும் எத்தனையோ நூல்களில் மந்திரம் உண்டு. அவையில் ஒரு பெண்ணின் கேள்விக்கு மறுமொழி பெறுவதற்காகவும் மந்திரம் வேண்டியிருந்தது என்று எழுதியவர் சாத்தனார். பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் பின்வரிசையில் அமர்ந்த பெண்டிருக்கு இவ்விடம் உரையின்றியே விளங்கும்.

அந்த வேற்றுருவிற்கு விலை உண்டு. உதயகுமாரனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகையின் வடிவை எடுக்கிறாள். வடிவை எடுத்தவள் அவ்வடிவத்தின் கடன்களையும் எடுத்தவளாகிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், பன்னிரண்டு ஆண்டுப் பிரிவு முடிந்து தன் மனைவியை அழைத்துச் செல்ல அப்பொழுதுதான் வருகிறான். தன் மனைவியே அயலானோடு உரையாடுகிறாள் என்று மயங்கி உதயகுமாரனை வாளால் வீழ்த்துகிறான். மந்திரம் பிழைபடவில்லை; சொன்னபடியே பலித்தது. பலித்ததனாலேயே ஒரு கொலை நேர்ந்தது, மணிமேகலை சிறைப்பட்டாள். 'பிறர் வடிவம் கொள்பவர் அவ்வடிவத்துக்குரிய உறவையும் பகையையும் சேர்த்தே பெறுவர்' என்று ஒரே வரியில் ஆட்ட விதியாக இதனை எழுதிவிடலாம். அவ்விதி உள்ள ஆட்டத்தில் வடிவம் மாற எவரும் விளையாட்டாகத் துணியமாட்டார்.

காயசண்டிகையின் சாபத்தில் அளவு இருக்கிறது. பொதியில் மலைச்சாரலில் விருச்சிக முனிவன் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனி ஒன்றை உண்டு வாழ்பவன். அக்கனியை அவள் காலால் சிதைத்துவிட்டாள். சாபம் என்ன? வான்வழிச் செல்லும் மந்திரத்தை அவள் மறக்க வேண்டும். மறுகனி பழுத்து முனிவன் உண்ணும் நாள்வரை யானைத்தீ என்னும் தீராப் பசியால் அவளும் வாட வேண்டும். முனிவனின் பசி எத்தனை ஆண்டோ அத்தனை ஆண்டே அவள் பசி. சினத்தில் பிறந்த சாபமும் தராசில் நிறுத்த பிறகே இறங்குகிறது. பசி தீர்ந்து தன் ஊர் நோக்கிப் பறந்தவள் விந்தமலையின் மேலாகச் சென்றாள். கொற்றவை உறையும் அம்மலைக்கு மேல் எவரும் பறத்தலாகாது. பறந்தால் விந்தாகடிகை நிழலைப் பற்றி இழுத்து விழுங்கிவிடுவாள். அந்த விதியைக் காயசண்டிகை எண்ணிப் பார்க்கவில்லை; அவள் இறுதி அதுவாயிற்று. கதைத் தலைவர்கள் நிலப்படம் வரையும்போது, மந்திரத்துக்கு இடமும் எல்லை என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆயினும் அமுதசுரபியே எல்லாவற்றிலும் பெரிது. கொடுக்கக் குறையாத பாத்திரம் என்றதும் ஆட்டம் அமைப்போர் அஞ்சுவர். எல்லையற்ற பொருள் எந்த விளையாட்டையும் கெடுத்துவிடும். சாத்தனார் அதற்குப் பூட்டின்மேல் பூட்டுப் போட்டு வைத்தார். கோமுகிப் பொய்கையினின்று ஆண்டுக்கு ஒருநாள், வைகாசி விசாக முழுமதி நாளில்தான் அது வெளிப்படும். முதற்பிச்சையை ஆதிரை போன்ற கற்புடையாள் இட வேண்டும். இவை புறப்பூட்டுகள். உள்ளே ஒரு பூட்டு உண்டு. அதனை ஆபுத்திரன் கதையில் காணலாம்.

மதுரையில் சிந்தாதேவி ஆபுத்திரன் கையில் அப்பாத்திரத்தைத் தந்தாள். அவன் புகழ் கண்டு பொறாத இந்திரன் பாத்திரத்தை உடைக்கவில்லை, பறிக்கவுமில்லை. மழையைப் பெய்வித்து நாட்டை வளப்படுத்தினான். உண்ண வருவோர் இல்லையாயினர்; பாத்திரம் கையில் வெறிதே கிடந்தது. பசித்தவர் நாடாகிய சாவகத்துக்குக் கப்பலேறியவன் வழியில் மணிபல்லவத்தில் இறங்க, அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளற்ற தீவில் அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தோடு நின்றவன், பல உயிர் காக்கும் இதனால் தன் ஒருயிரை மட்டும் வளர்க்க மனமொப்பாது, அதைப் பொய்கையில் விட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தான். உலகக் கதைகளில் மந்திரப் பொருளை வெல்ல வாளும் எதிர்மந்திரமும் வரும். இங்கே நல்ல மழை அதை வென்றது. பசித்தவர் எதிரே நின்றால் மட்டுமே வல்லமை, தனக்கென்றால் ஒன்றுமில்லை என்பதற்கு நிகரான மந்திர விதியை மேலைநாட்டு விதிநூல்களில் காண்பது அரிது.

சிலம்பில் இருந்து சிலவற்றை விரைந்து தொட்டுச் செல்லலாம். மதுரையை எரிக்க வந்த தீயிடம் கண்ணகி யாரை எரிக்க வேண்டும் என்பதற்கு முன்பாகவே யாரை விட வேண்டும் என்று சொல்லிவிடுகிறாள். அந்தணர், அறவழி நிற்போர், ஆக்கள், கற்புடை மகளிர், முதியோர், குழந்தைகள் என்று ஆறு விலக்கு. கவுந்தியடிகள் இட்ட சாபத்தால் நரிகளான இருவருக்கு, கோவலனும் கண்ணகியும் இரந்ததனால் பன்னிரண்டு திங்கள் என்ற எல்லை கிடைக்கிறது. அழகர்மலைப் பிலத்து வாயிலில் வரோத்தமை என்னும் தெய்வமகள் வினாத் தொடுத்து, விடை சொன்னார்க்கே கதவம் திறக்கிறாள். அங்குள்ள பொய்கைகளுள் புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் கிட்டுவது என்ன? பொன்னோ மணியோ அன்று. ஐந்திரம் என்னும் இலக்கண நூல்! புலவர்தம் ஆசைக்கு அளவே இல்லை.

காரைக்குடியில் கம்பனைச் சொல்லாது இறங்க முடியுமா? 1939-இல் சா. கணேசன் நிறுவிய கம்பன் கழகம் வளர்த்த ஊர் இது. வாலி வதை பற்றிப் பட்டிமண்டபத்தில் பேசாத நாவில்லை. எதிர்நின்று பொருவாரின் வலிமையில் பாதி வாலியைச் சேரும் என்பது அவன் பெற்ற வரம். மந்திர விதி என்ற கண்ணோடு பார்த்தால், காப்பியத்தின் மிகப்பெரிய வழக்கு முழுவதும் இந்த ஒரு விதியின் வாசகத்தில் தொங்குவதாகத் தோன்றும். எதிர்நின்றால்தானே பாதி போகும், மறைந்து நின்றால் போகாதே என்று சட்டம் பேசிவிடலாம். ஆனால் மறைந்து எய்தது ஏன் என்று வாலி கேட்கையில், கம்பன் இலக்குவன் வாயில் இந்த வாதத்தை வைக்கவில்லை. எதிரே வந்திருந்தால் நீயும் அடைக்கலம் என்று வீழ்ந்திருப்பாய், பின் சுக்கிரீவனுக்குத் தந்த சொல் என்னாவது என்றே பேசவைத்தான். விதியில் ஓட்டை இருந்தது. கவிஞன் அதன் வழியே நுழைந்து தப்பிக்க விரும்பவில்லை. விதிநூலின் சந்துபொந்துகளைத் தேடி ஆடும் ஆட்டக்காரர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு முன் கதைத் தலைவர் எப்படி நிற்க வேண்டும் என்பதை இவ்விடத்தில் கற்கலாம்.

இனிக் கசப்பான பகுதி. தமிழில் சொல்லின் மந்திர ஆற்றலுக்கென்றே எழுதப்பட்ட விதிநூல்கள் பாட்டியல்கள். குணவீர பண்டிதரின் வெண்பாப் பாட்டியல் முதலியன, பாட்டுடைத் தலைவன் பெயருக்கும் நூலின் முதற்சொல்லுக்கும் மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம் எனப் பத்துப் பொருத்தம் கூறுகின்றன. உண்டிப் பொருத்தத்தில் க, ச, த, ந, ப, ம, வ என்பன அமுத எழுத்துகள். யா, யோ, ரா, ரோ, லா, லோ என்பன நஞ்சு. தானப் பொருத்தம் எழுத்தைப் பாலன், குமரன், அரசன், மூப்பு, மரணம் என்று ஐந்தாக வைத்து எண்ணுகிறது. தொல்காப்பியத்தில் இப்பொருத்தங்கள் இல்லை. ஆட்டம் அமைப்போர் இதைக் கண்டால் துள்ளிக் குதிப்பர். அட்டவணை, எண்ணிக்கை, நன்மை தீமை எல்லாம் ஆயத்தமாக உள்ளன.

ஆனால் வருணப் பொருத்தம்? எழுத்துகளையே நால்வகைச் சாதியாகப் பிரித்த விதி அது. கலம்பகத்துக்குச் செய்யுள் எண்ணிக்கை வகுத்தபோதும் தேவருக்கு 100, அந்தணருக்கு 95, அரசருக்கு 90, அமைச்சருக்கு 70, வணிகருக்கு 50, வேளாளருக்கு 30 என்று அளந்தனர். நகரத்தார் கோயிலும் கல்லூரியும் பதிப்பும் கண்ட இம்மண்ணில் நின்று, வணிகருக்கு ஐம்பது பாட்டுக்கு மேல் ஆகாது என்று படித்தால் சிரிப்பு வரலாம். வேளாளருக்குக் கீழே ஒருவருக்கும் எண்ணே இல்லை என்பதைக் கண்டால் சிரிப்பு நின்றுவிடும். இதனை அப்படியே ஆட்ட விதியாக்கினால் பிறப்பினால் மந்திர ஆற்றல் என்பதை மேசைமேல் மீண்டும் உட்கார வைத்ததாகும். மரபு என்ற பெயரால் இதற்கு இடங்கொடுத்தல் கூடாது. பாத்திரங்களின் பிறப்புப் பிரிவைக் குறிக்கப் பல ஆண்டு வழங்கிய 'இனம்' என்ற சொல்லை 2024-ஆம் ஆண்டு விதிநூலில் அமெரிக்க ஆட்டமே கைவிட்டது. தமிழருக்கு அந்தப் பாடம் அயலிலிருந்து வர வேண்டியதில்லை. வேள்விப் பசுவைக் காத்ததற்காக ஊரார் வைது துரத்திய, பிறப்பு இழிந்தது என்று பழிக்கப்பட்ட ஆபுத்திரன் கையில்தானே அமுதசுரபி முதலில் விளங்கிற்று! பாட்டியலா மணிமேகலையா என்று தேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே ஆட்டத்தில் வைத்தல் அரிது.

புலவர்களும் மந்திரவாதிகளாகத் திகழ்ந்ததாகக் கதைகள் உண்டு. மூன்றாம் நந்திவர்மனைக் கொல்லவே நந்திக்கலம்பகம் அறம் வைத்துப் பாடப்பட்டது என்றும், அறிந்தே அவன் நூறு பந்தர் அமைத்து ஒவ்வொன்றிலும் ஒரு பாடல் கேட்டு, ஒவ்வொன்றாக எரிய, இறுதியில் உயிர்விட்டான் என்றும் சொல்வர். வரலாறாக இதனைக் கொள்வதற்கில்லை. ஆனால் விதியாக நோக்கினால் இது வியப்பூட்டுவது: கேட்பவன் விரும்பிக் கேட்டால்தான் பாட்டு கொல்லும். தமிழின் மேல் கொண்ட ஆசையே அவனைக் கட்டியது. காளமேகம் ஏறியதாகச் சொல்லப்படும் எமகண்டத்தில் விலை புலவனுக்கு. கீழே கொதிக்கும் கொப்பரை, கழுத்திலும் இடுப்பிலும் கத்தி, கேட்ட குறிப்புக்கு நொடியில் பாட்டு. தவறினால் உயிர் இல்லை. ஒரு கதையில் கேட்பவன் விலை தருகிறான், மற்றதில் பாடுபவன் தருகிறான். இருவரும் தராத மந்திரம் தமிழ்க் கதைகளில் நிலைப்பதில்லை.

இவற்றைக் கொண்டு ஓர் ஆட்டத்தின் எலும்புக்கூட்டை அமைக்க முடியும். அமெரிக்க ஆட்டத்தில் மந்திரம் எட்டுப் பள்ளிகளாகப் பிரிந்திருக்கிறது. தமிழ் ஆட்டத்துக்குத் தொல்காப்பியரின் ஏழு யாப்பு போதும். பிசியால் கதவு திறக்கலாம், அங்கதத்தால் வீழ்த்தலாம், முதுசொல்லால் அச்சம் தீர்க்கலாம். வாய்மொழி அனைத்திலும் அரியது. இருபது முகப் பகடையும் வேண்டா. செட்டிநாட்டு வீடுகளின் வளவுகளில் நண்பகல் உணவுக்குப் பின் உருண்ட பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டு இருந்தால் ஆயிற்று. ஒரு கட்டைக்கு நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டும் உருளும்போது விழும் வகை 16. அவற்றுள் மூன்று என்னும் எண் 4 வகையில் விழும். முதுசொல்லுக்கு அது போதும். தாயம் 2 வகையில்தான் விழும். தாயம் விழாமல் காய் இறங்காது என்று பாட்டிமார் சொல்லிவைத்தது வாய்மொழிக்குப் பொருந்தும். இரண்டு கட்டையும் வெறுமை காட்டுவது ஒரே வகையில். அதற்குத்தான் 12 என்ற மிகப்பெரிய எண். வெறுமைக்கு மிகுந்த மதிப்புத் தந்த ஆட்டம் அது. 12 விழுந்தால் கேட்டது பலிக்கும், ஆனால் அதன் விலை நாவற்கனியின் கணக்கில் பன்னிரண்டு ஆண்டு என்று விதி செய்யலாம்.

தீராத சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. ஆட்டக்காரர் ஒருவர் பிசி போட்டோ வெண்பாவின் ஈற்றடி கட்டியோ மந்திரம் செய்தால், அது நன்று என்று தீர்ப்பவர் யார்? கதைத் தலைவரே என்றால், வினாத் தொடுத்தவரே விடையையும் அளக்கிறார். எமகண்டத்தில் காளமேகத்துக்குக் குறிப்புத் தந்தவர்கள் அவன் பகைவர்களே. மேசையில் உள்ள அனைவரும் என்றால், நண்பர்கள் கூடிக் கைதட்டும் கவியரங்கம் ஆகிவிடும். அது எப்படி இருக்கும் என்பது இவ்வவைக்குத் தெரியாததன்று. தளை தட்டினால் மந்திரம் தப்பும் என்று யாப்பிலக்கணத்தையே நடுவராக்கலாம் எனின், தளை தட்டாத உயிரற்ற பாட்டுக்கும் கதவு திறந்தாக வேண்டும். பிற்பகல் கவியரங்கிற்கு வந்துள்ள கவிஞர்கள் மேடையேறுமுன் இதற்கொரு விடை சொல்ல வேண்டும் என்று கேட்டு, தாயக்கட்டைகள் அவர்கள் முன் வைக்கப்படுகின்றன.